தும்பைப் பூ சூடிய படை

போன மாதம் எங்கள் வீட்டு ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் அடிக்க ஆள் வந்திருந்தார். பாளையங்கோட்டை வெயிலில் பெயின்ட் சீக்கிரம் இறுகிவிடுகிறது என்று அடிக்கொருதரம் டப்பாவில் டர்பன்டைன் ஊற்றிக் கலக்கிக்கொண்டே இருந்தார். அடுக்களை வரைக்கும் வாசனை வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாட்டிங்ஹாமில் நாங்கள் குடியிருந்த தெரு கண்ணுக்குள் வந்து நின்றது. பக்கத்து வீட்டுப் பின்னறை, கழுத்தை வளைத்த மேசை விளக்கு, அதன் வெளிச்சத்தில் பிடரியில் பாகனை வைத்துக்கொண்டு நிற்கும் கட்டைவிரல் உயர யானை.

அந்த வீட்டுப் பெரியவர் நிலக்கரிச் சுரங்கத்தில் வாழ்நாளெல்லாம் வேலை பார்த்தவர். நாட்டிங்ஹாம்ஷையரில் ஒருகாலத்தில் ஊருக்கு ஊர் சுரங்கம் இருந்தது. 1980களிலும் 90களிலும் பெரும்பாலானவற்றை ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவர் இறங்கி ஏறிய சுரங்கத்தின் மேல் புல் முளைத்திருந்தது. அவருடைய கைகளில் நீலத் தழும்புகள் இருக்கும். காயம் ஆறும்போது கரித்தூள் தோலுக்குள்ளேயே தங்கிவிடுவதால் வருவது. பச்சை குத்தினதுபோல அழியாமல் நிற்கும். அந்தத் தடித்த விரல்களுக்கு நடுவே முடி முடியாக எண்ணிவிடக்கூடிய பிரஷ்ஷைப் பிடித்து, பதினைந்து மில்லிமீட்டர் உயரமுள்ள சிப்பாயின் கேடயத்துக்குச் சிவப்புக் கரை போடுவார். கரை முடிகிறவரை மூச்சு விடமாட்டார்.

நான் அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். வீட்டுக்காரரும் வேலைக்குப் போய்விடுவார். ஊரிலிருந்து அம்மா அனுப்பிய கூழ்வடகப் பார்சல் ஒருநாள் ஆளில்லாத நேரத்தில் வர, தபால்காரர் அதைப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். அக்கம்பக்கத்தார் பார்சல் வாங்கி வைப்பது அந்தத் தெருவில் சாதாரணம். கதவைத் தட்டினேன். "அய் அப், மி டக்" என்று அந்த ஊர் வழக்கப்படி வரவேற்றுப் பின்னறைக்கு அழைத்துக்கொண்டு போனார். பார்சல் இருந்த மேசையில் இரண்டடிக்கு இரண்டடி பச்சைப் பலகை ஒன்று இருந்தது. குறுக்கே நீலத்தில் ஓர் ஆறு. ஆற்றுக்கு இந்தப்புறம் யானைகளும் தேர்களும், நீண்ட வில்லோடு தலைப்பாகை கட்டியவர்களும். அந்தப்புறம் ஈட்டிக் காடு.

"இது யார் படை?" என்று கேட்டேன்.

"போரஸ்" என்றார்.

எங்கள் பள்ளிக்கூடப் புத்தகத்தில் புருஷோத்தமன் என்று படித்த அதே ராஜா. ஜீலம் நதிக்கரையில் அலெக்சாண்டரை எதிர்த்து நின்றவன். பார்சலைக் கையில் எடுத்த பிறகும் எனக்கு அங்கிருந்து கிளம்ப மனசில்லை. எங்கள் வீட்டில் நவராத்திரிக்கு ஒன்பது படிக் கொலு வைப்போம். கீழ்ப்படியில் பேண்டு வாத்தியக்காரர்கள், போலீஸ்காரர்கள், கல்யாண ஊர்வலம் என்று செட்டு செட்டாக பொம்மைகள் நிற்கும். அம்மா அசந்த நேரத்தில் அவர்களை இடம் மாற்றி ஊர்வலத்தைப் போலீஸ் தடுப்பதாக ஆடுவேன். வருஷத்தில் ஒன்பது நாள்தான் கிடைத்த அந்த ஆட்டத்தை இந்த மனிதர் வருஷம் முழுக்க ஆடுகிறார் என்று தெரிந்ததும், கூச்சத்தை விட்டுக் கேட்டுவிட்டேன்: "எனக்குச் சொல்லித் தருவீர்களா?"

அவர் சொல்லித் தந்த விதிமுறைக்கு டி பெல்லிஸ் ஆன்டிக்விட்டாடிஸ் என்று நீளமான லத்தீன் பெயர். எல்லாரும் டிபிஏ என்பார்கள். ஃபில் பார்க்கரும் அவருடன் சேர்ந்தவர்களும் எழுதி 1990இல் வெளியிட்டது. ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டே துண்டுகள். ஒவ்வொன்றும் நாலு சென்டிமீட்டர் அகல அட்டை, அதன்மேல் ஒட்டிய இரண்டு மூன்று நாலு உருவங்கள். அட்டையை பேஸ் என்பார்கள். ஒரு பேஸ் என்றால் நிஜத்தில் சில நூறு வீரர்கள் என்று கணக்கு. எதிரியின் நாலு பேஸை முதலில் வீழ்த்துகிறவருக்கு வெற்றி. ஒரு மணி நேரத்துக்குள் ஒரு போர் முடிந்துவிடும்.

இதிலே என்ன யுத்தி இருக்கப்போகிறது, பகடை உருட்டுவதுதானே என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். அந்தப் பகடையில்தான் எல்லாமே இருக்கிறது. உங்கள் முறை வந்ததும் ஒரு பகடை போட வேண்டும். ஆறு விழுந்தால் ஆறு கட்டளை. ஒன்று விழுந்தால் ஒரே கட்டளை, பன்னிரண்டு பேஸும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரு கட்டளையில் ஒரு பேஸை நகர்த்தலாம். அல்லது தோளோடு தோள் ஒட்டி ஒரே திசையைப் பார்த்து நிற்கிற வரிசை முழுவதையும் நகர்த்தலாம். வரிசை ஒட்டி நிற்கிறவரை எட்டு பேஸ் போக ஒரு கட்டளை போதும். வரிசை உடைந்ததா, எட்டுக்கும் எட்டுக் கட்டளை. ஒரு சேனாதிபதிக்கு ஆள் பஞ்சம் வருவதற்கு முன்னால் கட்டளைப் பஞ்சம் வந்துவிடும் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் ஒன்றை நான் கண்டதில்லை. கத்தினாலும் கேட்காத தூரத்தில் கலவரத்துக்கு நடுவே நிற்கிறவனுக்கு ஆணையை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? பழைய காலத்துப் போரின் மூச்சே அந்தக் கேள்விதான்.

அதனால் பெரியவர் எனக்கு முதல் சில வாரங்கள் சண்டையே போடவிடவில்லை. நிறுத்தத்தான் சொல்லித் தந்தார். பலகையில் ஒரு குன்று, ஒரு காடு வைப்பார். "ஒன்று விழுந்தாலும் கெடாதபடி நிறுத்துங்கள். ஆறு விழுந்தால் என்ன செய்யலாம் என்று யோசித்து நிறுத்துகிறவன் தோற்பான்" என்பார். கனத்த காலாட்படை சமதரையில் நடுவே. காட்டுக்குள் இலேசான ஆட்கள், ஏனென்றால் கரடுமுரடான நிலத்தில் வரிசையாய் நின்று போரிடுகிறவர்களின் பலம் பாதியாகிவிடும், வேலை எறிந்துவிட்டு ஓடுகிறவனுக்கு ஒன்றும் ஆகாது. குதிரை ஓரத்தில். பின்னால் யாருக்கும் ஒட்டாமல் ஓரிரண்டு பேஸ் சேமப்படை. அதைத் தொட எனக்குக் கை துறுதுறுக்கும். "இன்னும் இல்லை" என்பார். எதிராளி தன் சேமப்படையைச் செலவழித்த பிறகும் உன்னுடையது மிச்சமிருந்தால் அந்தப் போர் உன்னுடையது என்பது அவருடைய உறுதியான நம்பிக்கை. இத்தனை வருஷத்துக்குப் பிறகு நானும் அதையே நம்புகிறேன்.

வரிசை விஷயம் எனக்குச் சட்டென்று பிடிபட்டதற்கு ஆச்சிதான் காரணம். எங்கள் ஊர்த் திண்ணையில் கரித்துண்டால் முக்கோணம் வரைந்து, குறுக்கே கோடுகள் இழுத்து ஆடுபுலி ஆட்டம் சொல்லித் தந்தவள். மூன்று புலி, பதினைந்து ஆடு. ஆட்டுக்குப் பின்னால் காலி இடம் இருந்தால் புலி தாண்டி வெட்டும். ஆடுகள் ஒன்றுக்குப் பின் ஒன்று ஒட்டி நின்றால் புலியால் ஒன்றும் செய்ய முடியாது. ஒருநாள் பெரியவருக்கு அதைக் காகிதத்தில் வரைந்து காட்டி, பட்டன்களை வைத்து ஆடினோம். புலியை எடுத்துக்கொண்டவர் நகர இடமில்லாமல் அடைபட்டுப் போனார். மறுநாள் ஆட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அவசரப்படாமல் ஓரத்திலிருந்து கட்டிக்கொண்டே வந்து என் புலிகளை அடைத்தார். "உங்கள் பாட்டிக்கு டிபிஏ தெரிந்திருக்கிறது" என்றார். ஆச்சி இருந்திருந்தால் அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்திருப்பாள்.

யானைகளைப் பற்றித்தான் அவரோடு அதிகம் விவாதித்திருக்கிறேன். தமிழ்ப் பெண் என்பதால் யானைப் படைதான் எனக்கு வேண்டும் என்று பிடித்த பிடியாக இருந்தேன். அவர் மறுக்கவில்லை, ஆனால் யானையை வைத்து ஜெயிப்பதற்கு முன் யானையை எதிர்த்து ஜெயிக்கக் கற்றுக்கொள்ளச் சொன்னார். அதற்காகப் பலகையைத் திருப்பிவைத்து என்னை அலெக்சாண்டர் பக்கம் உட்காரவைத்தார்.

கி.மு. 326. ஆற்றின் அக்கரையில் போரஸின் யானைகள் நிற்கின்றன. நேராக ஆற்றைக் கடந்தால் யானை வாசனைக்கே குதிரைகள் மிரளும். அலெக்சாண்டர் ஒரு பகுதிப் படையைத் தளபதி கிராடெரஸின் கீழ் முகாமிலேயே விட்டுவிட்டு, மழையும் இடியுமாக இருந்த இரவில் மேல்புறமாகப் போய் ஆற்றைக் கடந்தான். தடுக்க வந்த போரஸின் மகனுடைய தேர்கள் சேற்றில் சிக்கிக்கொண்டன. காலையில் போரஸ் யானைகளை இடைவெளி விட்டு முன்வரிசையில் நிறுத்தினான், அதன் பின்னால் காலாட்படை. நினைத்துப்பார்த்தால் அது நல்ல அணிவகுப்புதான். யானைக்கு எதிரே வர எந்தக் குதிரையும் துணியாது. அலெக்சாண்டர் துணியவும் இல்லை. குதிரைகளை ஓரங்களுக்கு விட்டான். குதிரை வில்லாளர்களை ஒரு பக்கம் ஏவி, போரஸின் குதிரைப்படை அங்கே திரண்டதும் இன்னொரு தளபதி கோயனஸைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டான். நடுவே யானைகளின் மேல் ஈட்டிக்காரர்களும் வேல் எறிபவர்களும் விழுந்தார்கள். பாகன்கள் விழ, நகர இடமில்லாத யானைகள் யார் எவர் என்று பாராமல் மிதித்தன. போரஸின் வில்லாளர்களுக்கு இன்னொரு சங்கடம். ஆளுயர வில்லின் நுனியைத் தரையில் ஊன்றி எய்ய வேண்டியவர்கள் அவர்கள். மழையில் தரை வழுக்கியது.

அந்த நாள் முழுவதும் டிபிஏவின் சில வரிகளுக்குள் அடங்கியிருந்ததைப் பார்த்துத்தான் எனக்கு அந்த விதிமுறையின் மேல் மரியாதை வந்தது. யானையோடு மோதித் தோற்கும் கனத்த குதிரைப்படை அங்கேயே அழியும். அதே யானையை நாலு வேல்காரப் பையன்கள் வென்றுவிட்டால் யானை அழிந்துவிடும். யானை பின்வாங்கினால் பின்னால் நிற்கிற சொந்தப் படையை மிதித்துவிடும். யானையை நகர்த்த ஒரு கட்டளை கூடுதலாகவும் வேண்டும். அதனால் யானையை வைத்திருக்கிறவன் செய்ய வேண்டியவை: எதிரியின் குதிரை வருகிற தடத்தில் அதை முன்கூட்டியே நிறுத்துவது, முன்னால் தன்னுடைய வேல்காரர்களை விட்டு எதிரியின் வேல்காரர்கள் நெருங்காமல் பார்த்துக்கொள்வது, பின்னால் ஒரு சாண் காலி நிலம் விடுவது. ஜாமாவில் ஹானிபாலின் யானைகள் வந்தபோது சிப்பியோ தன் வரிசைக்குள் சந்துகள் விட்டு யானைகளை அந்த வழியே போகவிட்டான் என்பார்கள். பெரியவர் அதையும் பலகையில் ஆடிக் காட்டினார். எனக்கு மட்டும் யானைகளுக்காக மனசு கிடந்து அடித்துக்கொள்ளும்.

இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் சுரங்கத் தொழிலாளர் நல மன்றக் கூடத்தில் கூடுவார்கள். கூடத்தில் எப்போதும் பழைய சிகரெட் நெடி, பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டே இருக்கும் தேநீர், தட்டில் பிஸ்கட். மடக்கு மேசைகளைப் போட்டு, பச்சைக் கம்பளம் விரித்து, பெட்டிகளிலிருந்து படைகளை எடுத்து அடுக்குவார்கள். ஓய்வுபெற்ற வாத்தியார், பஸ் ஓட்டுநர், வங்கிக் குமாஸ்தா, அப்பாவோடு வந்த பையன்கள். பெண் என்று பெரும்பாலும் நான் ஒருத்திதான். ஒருவரும் அதை ஒரு விஷயமாக ஆக்கவில்லை. உருவங்களைக் கடைக்குப் போய்ப் பார்த்து வாங்குகிற பழக்கமே பலருக்கு இல்லை. அச்சடித்த பட்டியலில் குறியிட்டு, காசோலை இணைத்துத் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். சின்ன பிளாஸ்டிக் பையில் எட்டு உருவம் வரும். அரம் வைத்துத் தையல் கோட்டைத் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, அடிப்பூச்சு பூசிக் காயவைத்து, அப்புறம்தான் வர்ணம். முதியவர்கள் ஹம்ப்ரால் எனாமலை விடமாட்டார்கள். அந்த டர்பன்டைன் வாசனை அங்கிருந்து வந்ததுதான்.

கூடத்தின் இன்னொரு கோடியில் பையன்கள் வார்ஹாமர் ஆடுவார்கள். 1983இல் முதன்முதலாக வந்த அந்த ஆட்டத்தை நடத்தும் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கம்பெனிக்கு நாட்டிங்ஹாம்தான் தலைமையிடம். அதையொட்டி உருவம் செதுக்குகிறவர்களும் வார்க்கிறவர்களும் அந்த வட்டாரத்தில் நிறைய. பூதங்களும் அரக்கர்களுமாக இருந்தாலும் அந்தப் பையன்களின் யுத்தியில் சரக்கு இருந்தது. ஒவ்வொரு உருவத்துக்கும் மதிப்பெண் விலை. இரண்டு பக்கமும் ஒரே தொகைக்குப் படை கட்ட வேண்டும். எதிரி இலேசில் விடமாட்டான் என்று தெரிந்த ஒரு பெரிய அரக்கனை முன்னால் விட்டு, எல்லா அம்புகளையும் அவன் மேல் வாங்கவைத்து, அந்தச் சந்தடியில் வேறோர் ஓரத்தில் ஓட்டமாய் ஓடிவிடுவார்கள். எங்கள் மேசைக்காரர்கள் சிலருக்கு அரக்கர்கள் என்றாலே ஆகாது. பெரியவர் மட்டும் தேநீரோடு போய் நின்று கவனித்துவிட்டு வருவார்.

இந்த விளையாட்டுக்கென்று ஒரு பரம்பரையே இருப்பதை அந்தக் கூடத்தில்தான் அறிந்தேன். வாத்தியாரிடம் டொனால்ட் ஃபெதர்ஸ்டோனின் 1962ஆம் வருஷப் புத்தகம் அட்டை கிழிந்து இருந்தது. இங்கிலாந்தில் ஒரு தலைமுறையே அதைப் படித்துத்தான் மேசைக்கு வந்தது. அதற்கும் அரை நூற்றாண்டு முன்னால் நாவலாசிரியர் எச்.ஜி. வெல்ஸ் தரையில் புத்தகங்களை மலையாக அடுக்கி, ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கியால் ஈயச் சிப்பாய்களைச் சுட்டு வீழ்த்தி, அதற்கு விதிகள் எழுதினார். லிட்டில் வார்ஸ் என்ற அந்தப் புத்தகம் 1913இல் வந்தது. நிஜப் போரைவிட இந்தச் சின்னப் போர் எவ்வளவோ மேல் என்பது அதில் அவர் வைத்த வாதம். மறு வருஷமே உலகப் போர் மூண்டது. இன்னும் பின்னால் போனால் பிரஷ்யா. ரைஸ்விட்ஸ் என்ற தகப்பன் 1812இல் ராஜாவுக்காக ஒரு மேசை செய்தார். மகன் 1824இல் அதை வரைபடத்தின்மேல் ஆடும் பயிற்சியாக மாற்ற, பிரஷ்ய ராணுவ அதிகாரிகள் அதில் பழகினார்கள். அதற்கும் முன்னால், 1780இல் ஹெல்விக் என்பவர் சதுரங்கப் பலகையைப் பெரிதாக்கி, கட்டங்களுக்கு மலை, ஆறு, சதுப்பு என்று நிறம் பூசி ஆட்டம் அமைத்தார். சதுரங்கம் எங்கிருந்து போனது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. யானை, குதிரை, தேர், காலாள் என்ற நாலு அங்கமும் ஐரோப்பாவைச் சுற்றிவிட்டு அந்தச் சுரங்கக் கூடத்தில் என் முன்னால் வந்து நின்றன.

ஒரு கிறிஸ்துமஸ் வாரத்தில் பிரஷ்யப் பாணியில் ஒரு போர் ஆடினோம். இரு பக்கத்தாரும் தனித்தனி அறை. நடுவர் மட்டுமே முழு வரைபடத்தையும் பார்ப்பார். நாம் துண்டுச் சீட்டில் ஆணை எழுதிக் கொடுக்க வேண்டும். குதிரைக்காரன் போய்ச் சேர எவ்வளவு நேரமாகுமோ அவ்வளவு தாமதித்துத்தான் நடுவர் அதை நிறைவேற்றுவார். எதிரி எங்கே என்று தெரியாமல், போன ஆணை சேர்ந்ததா என்றும் தெரியாமல் அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்திருந்தபோது உள்ளங்கை வேர்த்தது. மேலிருந்து முழுப் பலகையையும் பார்த்துக்கொண்டு ஆடுவது எவ்வளவு பெரிய சலுகை என்று அன்றைக்கு விளங்கியது.

விதிமுறையோடு வரும் படைப் பட்டியல்களில் தமிழர் படைக்கும் ஓர் இடம் உண்டு. பெரியவர்தான் எடுத்துக் காட்டினார். நான் அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ரோமர், பாரசீகர், சீனர் வரிசையில் நாங்களும். "இவர்கள் எப்படி உடுத்தினார்கள்? கேடயம் என்ன நிறம்?" என்று கேட்டார். வீட்டில் இருந்தது உ.வே. சாமிநாதையர் பதிப்பு புறநானூறு ஒன்று, அப்பா கொடுத்துவிட்டது. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து படித்து அவருக்குச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் போருக்குப் பூ உண்டு. ஆநிரை கவர வெட்சி, படையெடுத்துப் போக வஞ்சி, கோட்டையை முற்றுகையிட உழிஞை, நேருக்கு நேர் பொருதத் தும்பை, வென்றால் வாகை. சேரனுக்குப் பனம்பூ, சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு என்று குடிப்பூவும் தனியே உண்டு.

பூ வைத்துக்கொண்டு போருக்குப் போகிற படை என்று கேட்டதும் அந்த மனிதரின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டார். தும்பை எப்படி இருக்கும், எவ்வளவு பெரியது, வெள்ளை என்றால் பால் வெள்ளையா மஞ்சள் கலந்ததா என்று விடாமல் கேட்டார். ஊருக்கு எழுதி, நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் காயவைத்த ஒரு தும்பைக் கொத்தும் வேப்பம்பூவும் வரவழைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் நாங்கள் இருவரும் மூவேந்தர் படைக்கு வர்ணம் தீட்டினோம். ஒவ்வொரு தலையிலும் ஊசிமுனையால் வெள்ளைப் புள்ளி. பாண்டியப் படைக்கு வெள்ளையோடு ஒரு துளி பச்சை. சேரனுக்கு வெளிர்மஞ்சள் கீற்று. அவருடைய வீட்டம்மா நெல்வயலுக்காகப் பழைய துண்டைப் பச்சைச் சாயத்தில் முக்கி வெட்டிக் கொடுத்தார்.

எதற்காக அந்த வேலையெல்லாம் என்றால், தலையாலங்கானத்துக்காக. பாண்டியன் நெடுஞ்செழியன் சின்னப் பையனாகப் பட்டத்துக்கு வந்தபோது சேரன், சோழன், வேளிர் ஐவர் என ஏழு பேர் சேர்ந்து வந்தார்கள். தனியாக நின்று எழுவரையும் வென்றான். சலங்கையைக் கழற்றி வீரக்கழல் கட்டிய அந்தச் சிறுவனை இடைக்குன்றூர்கிழார் பாடியிருப்பது தமிழ் படித்தவர்களுக்குத் தெரியும். திருவாரூர்ப் பக்கத்துத் தலையாலங்காடுதான் அந்தக் களம் என்பார்கள். வென்றதைச் சொல்லும் பாட்டுகள் எந்தப் படை எங்கே நின்றது என்பதைச் சொல்வதில்லை. அந்த இடத்தை நிரப்பத்தான் மேசை இருக்கிறது. ஏழு பேரை ஒருவன் எப்படி வென்றிருக்க முடியும்?

இரண்டு பலகைகளைச் சேர்த்துப் போட்டோம். பெரியவர் சேரன். வாத்தியார் சோழன். வேளிர் ஐவரையும் பஸ் ஓட்டுநர் எடுத்துக்கொண்டார். எனக்குப் பாண்டியன். நடுவர் ஒரு விதி செய்தார்: கூட்டாளிகள் மூவரும் அவரவர் பகடையை அவரவர் போட வேண்டும், விழுந்ததை ஒருவர் மற்றவருக்குக் கொடுக்க முடியாது. நான் ஒரே ராஜா என்பதால் மூன்று பகடை போட்டு, எது எந்தப் பிரிவுக்கு என்று நானே பங்கிடலாம். ஆள் அவர்களுக்கு என்னைப்போல் ஒன்றரை மடங்கு.

என் இடப்பக்கம் நெல்வயலும் பனங்கூட்டமும். அங்கே வேல்காரர்களை மட்டும் நிறுத்தினேன். சேரனுடைய யானைகள் வயலுக்குள் இறங்கி வரத் தயங்கும், வந்தாலும் நேரமாகும். வலப்பக்கம் ஆற்றை ஒட்டி வில்லாளர்களைச் சற்றுப் பின்னால் தள்ளி நிறுத்தி, வேளிர் என்னைத் தேடி நீண்ட தூரம் வரும்படி செய்தேன். நடுவே வாள்வீரர்களும் யானையும். அந்த நடுப்படை பார்த்து நின்றது சோழனையும் அல்ல வேளிரையும் அல்ல, அவர்கள் இருவரும் சந்திக்கிற மூட்டை.

கூட்டணிப் படையின் பலவீனம் எப்போதும் அந்த மூட்டில்தான். பக்கத்துக்காரன் காப்பான் என்று இருவருமே இருந்துவிடுவார்கள். வேளிர் ஆறு போட்டு முன்னால் பாய்ந்தார்கள். அதே முறையில் சோழனுக்கு விழுந்தது இரண்டு. அவர்களுக்கு நடுவே ஒரு பேஸ் அகலம் திறந்தது. பெரியவர் தன் யானைகளை அந்தப் பக்கம் கொண்டுபோக ஆசைப்பட்டார். யானைக்குக் கூடுதல் கட்டளை வேண்டும், அவருக்கு விழுந்தது ஒன்று. என் மூன்று பகடையில் மிகப் பெரியதை நடுப்படைக்குக் கொடுத்தேன். வாள்வீரர்கள் அந்தச் சந்துக்குள் நுழைந்து வேளிர் வரிசையின் விலாவில் போய் முட்டினார்கள். விலாவில் எதிரி ஒட்டிய பேஸ் பின்வாங்க வேண்டி வந்தால் அழிந்துபோகும் என்பது விதி. ஒன்று விழ, அதற்கடுத்தது விழ, வேளிர் பிரிவு கலைந்தது. சேமப்படைக் குதிரையை அப்போதுதான் தொட்டேன். பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார்.

பின்பக்கத்திலிருந்து அடிபட்ட பேஸை மேசையிலிருந்து எடுக்கும்போது, கரிகாலனோடு வெண்ணியில் பொருது முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதனின் கதையைச் சொன்னேன். புறப்புண்ணுக்கு நாணி வடக்கிருந்து உயிர் துறந்தவன். கூடத்தில் சிறிது நேரம் யாரும் பகடை போடவில்லை. அந்தப் பஸ் ஓட்டுநர், தோற்ற வேளிர்ப் பேஸ்களைப் பெட்டிக்குள் போடாமல் மேசை ஓரத்தில் நிமிர்த்தி வரிசையாக நிற்கவைத்தார். அதன் பிறகு எங்கள் மேசையில் வீழ்ந்த படையை அப்படி நிறுத்துவது வழக்கமாகிவிட்டது.

நாங்கள் ஊர் திரும்பிய சில வருஷங்களில் பெரியவர் காலமானார். வீட்டம்மா பாண்டியப் படையை மட்டும் பருத்தியில் சுற்றி எனக்கு அனுப்பிவைத்தார். சேர சோழப் படைகள் அந்தக் கூடத்திலேயே இருக்கின்றன. அங்கே இப்போது சிகரெட் இல்லை, காசோலை இல்லை. வீட்டிலேயே முப்பரிமாண அச்சுப்பொறியில் பிசின் உருவங்களை அச்சிட்டுக்கொள்கிறார்கள், ஒரே பூச்சில் நிழலும் வெளிச்சமும் விழுகிற வர்ணங்கள் வந்துவிட்டன என்று வாத்தியாரின் மகன் எழுதுகிறான். மேசைக்கு வருகிற பெண் பிள்ளைகளும் கூடியிருக்கிறார்களாம். எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம். வர்ணம் பூசத் தெரியாமல் படை நடத்த வருகிறார்களே என்று அலுத்துக்கொள்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. நிறுத்தத் தெரிந்தால் போதும். இங்கே என் தம்பி பேத்திக்கு அட்டையை வெட்டி, "யானை", "வில்", "வேல்" என்று எழுதி ஆடக் கற்றுத் தந்திருக்கிறேன். முதலில் ஆடுபுலி, அப்புறம் அட்டைப் படை. மூன்றாம் நாளே சேமப்படையைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

தலையாலங்கானத்தை இந்தப் பொங்கல் விடுமுறையில் அவளோடு மறுபடி ஆடப்போகிறோம். அவள் பாண்டியன் வேண்டும் என்கிறாள். எடுத்துக்கொள்ளட்டும், நான் சேரன். பெரியவர் அன்று யானைகளை வயலுக்கு எதிரே கோடியில் நிறுத்தியது எனக்குச் சரியாகப் படவில்லை. அவரிடமே அதைச் சொல்லி இரண்டு தேநீர் நேரம் வாதாடியிருக்கிறேன். இந்த முறை வயலுக்கு எதிரே நாலு வில்லாளர்கள் போதும். யானைகளைச் சோழனுக்குப் பக்கத்தில், ஒரு சாண் பின்னால் தள்ளி நிறுத்தப்போகிறேன், முன்னால் வேல்காரர்கள், பின்னால் வெறும் நிலம். குதிரை முழுவதும் சோழனும் வேளிரும் சந்திக்கிற மூட்டுக்குப் பின்னால். எனக்கு ஒன்றே விழுந்தாலும் அந்த ஒரு கட்டளையில் குதிரை வரிசையாக முன்னால் வந்து சந்தை அடைத்துவிடும். பாண்டியப் பிள்ளை தன் பெரிய பகடையோடு அங்கே வந்து முட்டிப் பார்க்கட்டும்.